ஃபிலோமினா நாளைக்குக் கேட்பார்

சுடரின் பள்ளிக்கூடப் பினோஃபார்மை இஸ்திரி போடும்போதுதான் எனக்குப் பொறுமை போகும். ஒரு மடிப்பை இழுத்து நேராக்கிப் பெட்டியை வைத்தால் அடுத்த மடிப்பு கோணிக்கொள்கிறது, அதை இழுத்தால் முதல் மடிப்பு அவிழ்கிறது, ஆறு வயசுப் பிள்ளை மண்ணில் உருண்டு எழுந்து வரப்போகும் துணிக்கு எதற்கு இத்தனை மடிப்பு என்று தைத்தவரைத்தான் கேட்க வேண்டும். டம்ளர் தண்ணீரில் விரலை நனைத்துத் தெளிக்கிறேன். ஸ்ஸென்று ஆவி எழும்புகிறது. இந்த வாசனை மட்டும் எனக்குப் பிடிக்கும், ஈரத் துணியும் சூடும் சேர்ந்த வாசனை, யாரோ இப்போதுதான் குளித்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்ற மாதிரி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். திண்டுக்கல்லில் ஆடி மாதம் என்றால் காற்றுதான். பின்கதவைச் சாத்தி வைத்தாலும் தாழ்ப்பாளை ஆட்டி ஆட்டிப் பார்க்கிறது. சாப்பிட்ட கையோடு சுடர் பாய்கூட விரிக்காமல் தரையில் தூங்கிவிட்டாள். ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர். மடியில் ஒரு தலையணை, தலையணை மேல் அவருடைய வலது கை, யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போன பொருளைப்போல. எதிரே ஸ்டூலில் எங்கள் பெரியவள் வதனி. ஏழாவது படிக்கிறாள். படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுகிறாள். "இது என்னப்பா?" குடை. "சரி," என்கிறார் அவர். "சரி இல்லப்பா. மழை வந்தா பிடிப்போம்ல? கு..." "சரி." "பரவால்ல, இது?" பூட்டு. "சரி." கார்த்திகை மாதம் ஒரு காலையில் பல் விளக்கப் போன மனிதர் வாஷ்பேசினுக்குப் பக்கத்தில் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். கால் திரும்பி வந்துவிட்டது. கை பாதி வந்தது. பேச்சில் இந்த ஒரே ஒரு சொல்தான் வந்தது. பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான், எரிச்சல் வந்தாலும் அதுதான், குரலை வைத்து நாங்கள் எது எது என்று பிரித்துக்கொள்கிறோம். அவர் பெயர் கருணாகரன், என் பெயர் பூங்கோதை, இரண்டையும் அவரால் சொல்ல முடியாது.

நாளைக்கு ஃபிலோமினா கேட்பார். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர். என்னைவிடச் சின்னவர்தான், ஆனால் அவர் எதிரில் உட்கார்ந்தால் நான் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையாகிவிடுகிறேன். "அக்கா, தினம் சாயங்காலம் அவர் பக்கத்துல கொஞ்ச நேரம் உட்காருங்க. அன்னைக்கு நடந்த ஒரு நல்ல விஷயத்தைச் சொல்லுங்க. சின்னச் சின்ன வாக்கியமா. சொல்லிட்டுக் காத்திருங்க. அவர் ஏதாவது சொல்ல வந்தா நீங்க எடுத்துக் கொடுக்காதீங்க, அதுதான் முக்கியம்." போன திங்கட்கிழமை கேட்டார், தினமும் சொன்னீங்களாக்கா என்று. சொன்னேன் டீச்சர் என்றேன். பொய். சாயங்காலம் என்று ஒன்று எங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது? தபால் ஆபீசில் கவுண்டரை மூடிக் கணக்கு ஒப்படைத்துவிட்டு வண்டியை எடுத்தால், வழியில் சுடரைக் கூட்டிக்கொள்ள வேண்டும், காய் வாங்க வேண்டும், வந்ததும் அவரை நடக்க வைக்க வேண்டும், உலை வைக்க வேண்டும், வதனிக்குக் கணக்கில் சந்தேகம் வரும். அதற்கு நடுவில் நல்ல விஷயம். இந்த வாரமும் ஒரு நாள்கூடச் சொல்லவில்லை. நாளைக்கும் பொய் சொல்லலாம், ஆனால் என்ன சொன்னீங்க என்று கேட்டால்? அதனால்தான் பினோஃபார்மோடு சேர்த்து வாரத்தையும் விரித்துப் போட்டுக்கொண்டு தேடுகிறேன். திங்கட்கிழமை என்ன நடந்தது? சுடரின் ஒரு ஷூவைக் காணவில்லை. அதுதான் நடந்தது. ஆட்டோ வாசலில் ஹார்ன் அடிக்கிறது, நான் கட்டிலுக்கு அடியில், வதனி அலமாரிக்குப் பின்னால், சுடர் ஒற்றை ஷூவோடு நொண்டியடித்துச் சிரிக்கிறாள், அவர் நாற்காலியிலிருந்து சரி சரி சரி என்று சத்தம் போடுகிறார், என்னை அவசரப்படுத்துகிறாராக்கும் என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஷூ அவர் நாற்காலிக்குக் கீழேதான் கிடந்தது. அவர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். எல்லோரையும்விட முதலில் கண்டுபிடித்தவர் அவர். அப்போது எனக்கு அது தெரியவில்லை, ஷூவை மாட்டி ஓடினேன். இதை நல்ல விஷயம் என்று சொல்லலாமா? ஒரு ஷூவா? டீச்சர் சிரிக்க மாட்டார்களா?

மடிப்பு கோணுகிறது. மறுபடி தண்ணீர். செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமையை நினைத்தால் கழுத்தில் இப்போதும் ஒரு குறுகுறுப்பு. பேருந்து நிலையத்தைத் தாண்டி ஸ்கூட்டரில் போகிறேன், தலைக்குள் மருந்துக் கடை, மின் கட்டணம், சுடருக்கு நகம் வெட்ட வேண்டும், பின்னாலிருந்து ஒரு ஆம்பளைக் குரல், "அக்கா, முந்தானை! முந்தானை!" பிரேக் பிடித்தேன். புடவைத் தலைப்பு சக்கரத்துக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது, காற்று இன்னும் ஒரு தள்ளு தள்ளியிருந்தால் போதும். சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு நன்றி சொல்லத் திரும்பினால் அந்த மனுஷன் முட்டைத் தட்டுகள் கட்டிய டிவிஎஸ்ஸில் எங்கேயோ போய்விட்டார். முகம்கூடத் தெரியாது. முதுகில் ஒரு நீலச் சட்டை. நல்ல விஷயம்தான். ஆனால் நல்ல விஷயத்தின் அடியில் இருப்பது என்ன? மாட்டியிருந்தால் என்ன? இதை நான் நினைக்கக் கூடாது, நினைத்தால் பெட்டி ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது, துணியில் பழுப்புத் தடம் விழுந்துவிடும். மாட்டியிருந்தால் சுடரைப் பள்ளிக்கூடத்திலிருந்து யார் கூட்டி வருவார்கள், அவருக்கு மாத்திரையைப் பாதியாக உடைத்து யார் கொடுப்பார்கள், போன் வந்தால் எடுத்து என்ன சொல்வார், சரி என்பார். உங்க மனைவிக்கு அடிபட்டிருக்கு சார். சரி. ஐயோ. இந்த எண்ணம் முதல் தடவை வந்தபோது ரோட்டோரம் வண்டியை நிறுத்தி அழுதேன், இப்போது அழுகை வருவதில்லை, நாக்கு மட்டும் காய்ந்துபோகிறது. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு டம்ளரில் தெளிக்க வைத்திருந்த தண்ணீரையே ஒரு வாய் குடிக்கிறேன். வதனி பார்த்துவிட்டாள். "அம்மா, அது துணிக்கு!" "தண்ணி தானே. நீ உன் வேலையைப் பாரு."

இது என்னப்பா, சாவி. சரி. இது, வாழைப்பழம். சரி. மதினி நேற்று போனில் சொன்னார்கள், அவருடைய அக்கா, பழனியில் இருக்கிறார்கள். "உயிரோட இருக்கானே கோதை, அதுக்கே நாம தினம் நன்றி சொல்லணும். அவன் முன்னாடி மட்டும் என்னத்தைப் பேசிட்டான்? எப்பவும் ஊமைக்கோட்டான்தானே." நல்ல மனசோடுதான் சொன்னார்கள், எனக்குத் தெரியும், ஆறுதலுக்குச் சொல்ல ஆயிரம் வார்த்தையா இருக்கிறது. ஆனாலும் போனை வைத்த பிறகு வெங்காயத்தை வெறியோடு நறுக்கினேன். நன்றி சொல்லு நன்றி சொல்லு என்று எல்லோரும் சொல்லும்போது எனக்கு அந்தச் சொல்லே வாய்க்குள் கல் மாதிரி கிடக்கிறது. யாருக்குச் சொல்ல? எதற்குச் சொல்ல? வாஷ்பேசினுக்கு அந்தப் பக்கம் விழாமல் இந்தப் பக்கம் விழுந்ததற்கா? அப்புறம், அவர் பேசமாட்டார் என்று மதினிக்கு யார் சொன்னது? வேலை பார்த்த விதைக் கடையில் பேசமாட்டார், கல்யாண வீட்டில் பேசமாட்டார், ஸ்கூட்டரில் என்னைப் பின்னால் உட்காரவைத்துவிட்டால் பேச்சு நிற்காது. அந்த மக்காச்சோளம் முளைக்கலைன்னு ஒருத்தர் சண்டைக்கு வந்தார் கோதை, பார்த்தா விதையைப் போடவே இல்லை, மூட்டை அப்படியே வீட்டுல இருக்கு. அவர் முன்னால் பார்த்துப் பேசுவார், பாதி வார்த்தை காற்றோடு போகும், பாதிதான் என் காதுக்கு வரும், என்ன என்ன என்று நான் அவர் தோளில் தாடையை வைத்துக் கேட்பேன். பாதிதான் வந்தது. காற்றில் போன அந்தப் பாதியை இப்போது யாராவது கொண்டுவந்து கொடுத்தால். ஒரு வார்த்தையும் விடாமல் கேட்பேன், மக்காச்சோளத்தைப் பற்றியே என்றாலும் கேட்பேன். ஆறு மாசத்துக்குள்ள வர்றது வேகமா வரும்மா, அதுக்கப்புறம் மெதுவாத்தான் வரும் என்று பெரிய டாக்டர் சொன்னார். மெதுவாக வரும் என்றுதானே சொன்னார், வராது என்று சொல்லவில்லையே. கார்த்திகை எங்கே, ஆடி எங்கே. பின்கதவு தடதடக்கிறது.

பினோஃபார்ம் முடிந்தது. நன்றாகத்தான் வந்திருக்கிறது. ஹேங்கரில் மாட்டினால் காற்றில் ஒரு சின்னப் பெண் நிற்கிற மாதிரி ஆடுகிறது. அடுத்தது வதனியின் சுடிதார், பிறகு அவள் மேல்கோட்டு. புதன்கிழமை. புதன்கிழமை கவுண்டரில் ஒரு பெரியவர் வந்து, எனக்கு அந்த... அது வேணும்மா, அந்த... என்று நெற்றியைத் தட்டிக்கொண்டே நின்றார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. நான் பேனாவை மூடி வைத்துவிட்டு, அவசரமில்லை ஐயா, யோசிச்சுச் சொல்லுங்க என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணியார்டர் என்று கடைசியில் சொன்னார், சொன்னதும் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். முன்பின் தெரியாதவருக்கு என்னால் காத்திருக்க முடிகிறது. வீட்டுக்கு வந்து இவர் வாயைத் திறப்பதற்குள் தண்ணியா, பாத்ரூமா, ஃபேனா என்று மூன்று வார்த்தையை அவர் முன்னால் கொட்டிவிடுகிறேன், அவர் ஏதோ ஒன்றுக்குச் சரி என்கிறார், நானும் ஓடிவிடுகிறேன். அது அவர் கேட்டதுதானா என்று யாருக்குத் தெரியும். ஃபேனைக் கேட்டவருக்குத் தண்ணீரும் தண்ணீரைக் கேட்டவருக்கு ஃபேனுமாக எத்தனை நாள் போயிருக்கிறதோ. வியாழக்கிழமை. வியாழக்கிழமை வேண்டாம், அன்றைக்கு நல்லது என்று எதுவும் இல்லை. காலையில் கோதுமை ரவை உப்புமா, எனக்கு அரைமணி நேரம் முன்னதாக ஆபீசுக்கு வரச்சொல்லி உத்தரவு, தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு ஸ்பூனை இடது கையில் கொடுத்தேன். அவர் தட்டைத் தள்ளினார். தெரியாமல் இடிபட்டதாக நினைத்து மறுபடி கிட்டே வைத்தேன். மறுபடி தள்ளினார், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, சரி என்றார், அப்படி ஒரு சரியை நான் அதுவரை கேட்டதில்லை. தட்டு மேஜை விளிம்பைத் தாண்டிக் கீழே போய், தரையெல்லாம் உப்புமா. "சாப்பிட்டாச் சாப்பிடுங்க, இல்லாட்டி விடுங்க, என்னால இதுக்கு மேல முடியாதுங்க," என்று கத்திவிட்டு, துடைத்து அள்ளிப் போட்டுவிட்டு, இரண்டு வாழைப்பழத்தை உரித்து வைத்துவிட்டுப் போனேன். நாள் முழுக்க ஸ்டாம்பைக் குத்துகிற குத்தில் பக்கத்துச் சீட்டுக்காரர் என்னம்மா கோபம் என்று கேட்டார்.

ஆனால் இருங்கள். உப்புமா. கல்யாணமான புதிதில் இந்த மனுஷன் என்ன சொன்னார்? "கோதை, யாருக்காச்சும் காய்ச்சல் வந்தா உப்புமா செய். நல்லா இருக்கிற ஆளுக்கு எதுக்கு?" பதினான்கு வருஷம் இந்த வீட்டில் உப்புமா என்றால் அவர் டீக்கடைக்கு எழுந்து போய்விடுவார். கார்த்திகைக்குப் பிறகு எதை வைத்தாலும் சாப்பிட்டார். கஞ்சியா, சரி. புளித்த தோசையா, சரி. உப்புமாவா, சரி. வேறு யாருடைய வாய்க்கோ சோறு போடுவதுபோல நானும் போட்டேன், வேறு யாரோ சாப்பிடுவதுபோல அவரும் சாப்பிட்டார், அது எனக்குச் சௌகரியமாகக்கூட இருந்தது. வியாழக்கிழமை அவர் வேண்டாம் என்றிருக்கிறார். எட்டு மாசத்தில் முதல் தடவையாக ஒன்றை வேண்டாம் என்றிருக்கிறார். சொல் இல்லாமல், கையால் தள்ளி, முகத்தைத் திருப்பி, பழைய கருணாகரன் எப்படிச் சொல்வாரோ அப்படியே சொல்லியிருக்கிறார், நான் அதைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளிவிட்டு ஆபீசுக்குப் போயிருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வருகிறது. பெட்டி கையில் ஆடுகிறது. "எதுக்கும்மா சிரிக்கிற?" என்கிறாள் வதனி. "உப்புமா." "ஐயையோ, ராத்திரிக்கு உப்புமாவா?" "இல்லடி. நீ காட்டு, அப்பாவுக்குக் காட்டு."

அவள் அட்டைகளைச் சேர்த்துத் தட்டுகிறாள், சீட்டுக்கட்டுபோல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து கேட்டாள், "அம்மா, அப்பா பேசுற வீடியோ நம்மகிட்ட இருக்கா?" எப்போதும் அவர்தான் படம் எடுப்பார், அதனால் எதிலும் அவர் இல்லை. தேடித் தேடி வைகை அணைக்குப் போன போது எடுத்த ஒன்று கிடைத்தது. படத்தில் சுடர் தத்தித் தத்தி ஓடுகிறாள், நான் பின்னால் ஓடுகிறேன், குரல் மட்டும் வருகிறது, "கோதை, அவளைப் பிடி, ஈரம், வழுக்கும். வதனி, நீயும் இந்தப் பக்கம் வா." அவ்வளவுதான். வதனி அதைத் திரும்பத் திரும்பப் போட்டாள். வதனி நீயும் இந்தப் பக்கம் வா. வதனி நீயும் இந்தப் பக்கம் வா. அவர் இடது கையை நீட்டினார். போனை வாங்கி, கேட்டு, திருப்பி அதன் பின்பக்கத்தைப் பார்த்தார், பேசுகிற ஆள் அங்கே எங்கேயாவது நிற்கிறானா என்பதுபோல. பிறகு வதனியின் தலையில் கையை வைத்தார். இது நல்ல விஷயமா, தாங்க முடியாத விஷயமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இரண்டுமாக ஒன்று இருக்கக்கூடாது என்று யாராவது சொன்னார்களா? அன்றைக்கு வதனி ரொம்ப நாளைக்குப் பிறகு பாட்டுப் பாடிக்கொண்டே குளித்தாள்.

மேல்கோட்டு மட்டும் பாக்கி. இருக்கட்டும். நாளைக் காலையில் கசங்கலோடு போனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. சுவிட்சை அணைத்துவிட்டு, வதனியைத் தரையில் உட்காரச் சொல்லி, அவள் ஸ்டூலில் நான் உட்காருகிறேன். இவ்வளவு கிட்டத்தில் அவருக்கு எதிரே, துடைக்கவோ ஊட்டவோ இல்லாமல் நான் சும்மா உட்கார்ந்து எவ்வளவு காலம். மீசையில் நரை கூடியிருக்கிறது. நான்தான் வெட்டிவிடுகிறேன், எனக்கே தெரியவில்லை. "என்னங்க." பார்க்கிறார். "இந்த வாரம் நடந்ததைச் சொல்றேன்." "சரி." "திங்கட்கிழமை ஷூவை நீங்கதான் கண்டுபிடிச்சீங்க. எனக்கு இப்பத்தான் புரிஞ்சுது." "சரி," என்கிறார், கொஞ்சம் பெருமையாக. "செவ்வாய்க்கிழமை என் முந்தானை சக்கரத்துல மாட்டப் பார்த்துச்சு. ஒருத்தர் சத்தம் போட்டார். தப்பிச்சேன்." அவர் கண் விரிகிறது, என் காலைப் பார்க்கிறார், கையைப் பார்க்கிறார். "சரி?" "ஒண்ணும் ஆகலைங்க. நல்லா இருக்கேன்." ஒரு வாரமாக இதை யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஆள் இங்கேயே ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருக்கிறார். "வியாழக்கிழமை உப்புமாவைத் தள்ளினீங்க." தலையைக் குனிந்துகொள்கிறார். "கோபம் இல்லைங்க. அது நல்ல விஷயம். இனிமே செய்ய மாட்டேன்." வதனி கீழேயிருந்து ஐ என்று கை தட்டுகிறாள், அவர் சிரிக்கிறார், வாயின் இடது பக்கம் முதலில் சிரிக்கிறது, வலது பக்கம் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்துகொள்கிறது.

சிரிப்பு நின்ற பிறகும் உதடு மூடவில்லை. மூடி, திறந்து, மறுபடி மூடுகிறது. "ம்..." என்கிறார். என் வாய்க்குள் வார்த்தைகள் வரிசையாக வந்து நிற்கின்றன, மாத்திரையா, மதினியா, மின்விசிறியா, பல்லைக் கடித்துக்கொள்கிறேன். "ம்... ம..." வதனி வாயைத் திறக்கிறாள், அவள் தோளை அழுத்துகிறேன். காற்று கதவை விட்டுவிட்டு எங்கேயோ போயிருக்கிறது. மகளா? வதனியை மகளே என்று கூப்பிடுவாரே, அதுவா? அவர் நெற்றியில் நரம்பு புடைக்கிறது, பயமாக இருக்கிறது, இப்படி முக்கினால் தலைக்குள் ஏதாவது ஆகிவிட்டால், போதும் விடுங்க என்று சொல்லிவிடலாமா, நானே ஏதாவது ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடலாமா, இல்லை, கவுண்டரில் பேனாவை மூடி வைத்தேனே, காத்திருக்கிறேன், நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறேன். "மோ..." என்கிறார். நின்று, எச்சில் விழுங்கி, "மோர்," என்கிறார்.

அவருக்கே ஆச்சரியமாக இருக்கிறது. வதனி முழங்காலில் எழும்பி, "மோரா? அப்பா, மோர்னா சொன்ன?" என்கிறாள். "மோர்," என்கிறார் மறுபடி, இந்தத் தடவை கொஞ்சம் அதட்டலாக, ஆர்டர் கொடுத்து ரொம்ப நேரமாகக் காத்திருக்கிற ஆளைப்போல. நான் எழுந்து ஓடுகிறேன். ஃப்ரிட்ஜைத் திறக்கிறேன். தயிர் இல்லை. மத்தியானம் நான்தான் சோற்றில் வழித்துப் போட்டுக் கிண்ணத்தையும் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன். செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு வருகிறேன், தரை சுடுகிறது. எதிர்வீட்டு ஜன்னத் அக்கா காயப்போட்ட துணிகளைக் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார், காற்று அவரையும் துணியையும் சேர்த்துச் சுற்றுகிறது.

"அக்கா! ஒரு கிண்ணம் தயிர் இருக்குமா?"

"இருக்கே. எதுக்கு கோதை இப்படி மூச்சு வாங்குற?"

"எங்க வீட்டுக்காரர் மோர் கேக்குறார்க்கா."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுகிறது. கொடுக்கிறேன், ஊட்டுகிறேன், குடிக்க வைக்கிறேன் என்றுதான் இத்தனை மாசமாக இவரைப் பற்றி எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். ஜன்னத் அக்கா துணியை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறார்.

"என்ன சொன்ன?"

"மோர்க்கா," என்கிறேன், தெருவுக்கே கேட்கட்டும் என்று, "கேக்குறார்."